சகலை வீட்டுப் பளபளப்பு

காங்கயத்துக்குத் தெற்கே கல்லாங்காட்டுப்புதூரில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், ஆடு மேய்க்கிறவர்கள் முதல் அரிசி ஆலை மேஸ்திரி வரைக்கும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பார்கள். மரியாதைக்காக அல்ல, கழுவி விட்ட காட்டுமண்ணில் எங்கேயாவது ஒரு கல் மின்னாதா என்பதற்காக. அப்படிக் குனிந்தே நடந்து நடந்து, பக்கத்தில் வருகிறவன் காலடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்கிற பழக்கமும் அந்த ஊர்க்காரர்களுக்குச் சேர்ந்தே வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தில் எல்லோரையும்விடத் தேறினவன் தேங்காய்க் களத்துச் சென்னியப்பன். இதை அவனே மறுக்க மாட்டான்.

அவன் பொறாமைக்கு ஒரு சுவர் இருந்தது. மாமனார் சாகிறதற்கு முந்தின வருஷம் தன் நீள வீட்டைக் குறுக்கே ஒரு செங்கல் சுவர் வைத்துப் பிரித்து, காட்டைக் கடைக்குட்டி மகனுக்கு விட்டு, கிழக்குப் பாதியை மூத்த மகள் சுலோச்சனாவுக்கும் மேற்குப் பாதியை இளையவள் விசாலத்துக்கும் எழுதிவைத்தார். ஆகவே சுலோச்சனாவின் புருஷன் சென்னியப்பனும் விசாலத்தின் புருஷன் தங்கமுத்துவும் சகலைகளாக இருப்பது போதாதென்று, ஒரே சுவரின் இரண்டு பக்கமும் முதுகைச் சாய்த்துச் சோறு தின்கிறவர்களாகவும் ஆனார்கள். மாமியார் வீட்டில் ஒரு தீபாவளி விருந்துக்குத் தங்கமுத்துவின் இலையில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் ஒன்று கூடுதலாக விழுந்ததைச் சென்னியப்பன் இருபத்தோரு வருஷமாக மறக்கவில்லை. தங்கமுத்துவுக்குப் பால் சொசைட்டியில் நாற்காலி வேலை, இவனுக்குக் களத்து வெயிலில் கொப்பரை கிண்டுகிற வேலை. அவன் வீட்டு முருங்கை காய்த்தது, இவன் வீட்டு முருங்கை பூத்துப் பூத்து உதிர்ந்தது. அவனுக்கு வழுக்கை பின்னால் விழுந்தது, தொப்பி போட்டால் மறையும், இவனுக்கு முன்னால் விழுந்தது. இவற்றையெல்லாம் சென்னியப்பன் ஒருமாதிரி பொறுத்துக்கொண்டுதான் இருந்தான், தங்கமுத்து கல்லுக்குப் பாலிஷ் போடுகிற உருட்டு மிஷின் வாங்குகிற வரைக்கும்.

பெயிண்ட் டப்பா அளவில் ஒரு பீப்பாய், அதற்குள் கல்லும் பொடியும் தண்ணீரும். ஒரு மாதம் உருண்டு, விசாலத்தின் கழுத்துக்கு ஒரு கருஞ்சிவப்புக் கல்லைப் புளியங்கொட்டை போலக் கடைந்து கொடுத்தது. விசாலம் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு வந்தாள். அவ்வளவுதான். சென்னியப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் சுலோச்சனாவிடமும் ஒரு கல் இருந்தது. கல்யாணமான வருஷம் கடலைக்காட்டில் களை வெட்டும்போது, கொத்துக்கு அடியில் கழுநீர் நிறத்தில் ஒன்று எட்டிப்பார்க்க, அவள் சட்டென்று குனிந்தாள். பக்கத்து நிரையில் இருந்தவளின் களைக்கொத்து அவள் புருவத்தைக் கிழித்துவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட அவள் கல்லைத்தான் முதலில் எடுத்தாள். சாய்ந்த வெயிலில் பிடித்தால் அதற்குள் ஒரு நீலம் நகரும். அதைப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று சென்னியப்பன் சொன்னது புருவத்துத் தையல் பிரிக்கிறதற்கு முன்னால். இப்போது அவள் தம்பிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையின் அக்கா என்ற முறையில் இணைச்சீர்ச் சடங்குக்கு அவள்தான் சபை நடுவில் நிற்க வேண்டும், இரண்டு ஊர்க் கண்ணும் அவள் கழுத்தில்தான் இருக்கும், அந்தக் கல்லோ இன்னும் மஞ்சள் டப்பாவுக்குள் முரடாகக் கிடந்தது. கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது சென்னியப்பன் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினான்.

பாலிஷ் மிஷின் விற்கிற கடையில் இருந்த பெண் ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டு, ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் திருப்புளியுமாக இருந்தாள்.

"உருட்டறதுங்களா, குலுக்கறதுங்களா?" என்றாள்.

"என்ற சகலை உருட்டறது வெச்சிருக்கறானுங்க. அதைவிட எது ஒசத்தி?"

"ஒசத்தி தாழ்த்தின்னெல்லாம் இல்லீங்க. உருட்டறது கல்லை உருண்டையாக்கிப் போடும், ஒவ்வொரு பொடிக்கும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். குலுக்கறது கல்லோட வடிவத்தை மாத்தாது, மேல் தோலை மட்டும் இழைக்கும். மொத்தமே பத்துப் பன்னண்டு நாள்ல முடிஞ்சிரும். ஆனா பக்கத்துலயே இருந்து பாக்கோணும். தண்ணி ஒரு சொட்டு கூடினாலும் பொடி அடியில தங்கிரும், கொறைஞ்சா சேறு கெட்டியாயிரும்."

சென்னியப்பன் இரண்டு மிஷினையும் தட்டிப் பார்த்தான்.

"சத்தம் எதுல அதிகங்க?"

"குலுக்கறதுலதானுங்க. வண்டு கத்தறாப்பல ராப்பகலா கத்தும்."

"அப்ப அதையே குடுங்க."

அவள் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள்: கிண்ணத்தில் முக்கால் பங்கு நிரப்ப வேண்டும், குறைந்தால் கல்லோடு கல் மோதி விரிசல் விடும்; நல்ல கல் நாலு இருந்தால் மீதியைப் பீங்கான் துண்டாலும் பொடிக்கல்லாலும் நிரப்ப வேண்டும்; முதலில் முரட்டுப் பொடி, பிறகு நடுப்பொடி, பிறகு மாவுப்பொடி, கடைசியாக வெள்ளைப் பொடி; ஒவ்வொரு பொடி மாற்றும்போதும் கல்லையும் கிண்ணத்தையும் கழுவ வேண்டும், ஒரு துணுக்கு முரட்டுப் பொடி ஒட்டியிருந்தாலும் கடைசிப் பாலிஷ் கெட்டுவிடும்; கழுவின சேற்றை ஜலதாரையில் ஊற்றக்கூடாது, சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

"முக்கியமா ஒண்ணுங்க. தரையில, ரப்பர் விரிப்பு மேல, ரசமட்டம் வெச்சுப் பாத்து வெக்கோணும். செவுத்துல மட்டும் சேரக்கூடாது. செவுரு அதிர்வை எங்க கொண்டுட்டுப் போகும்னு சொல்ல முடியாது."

சென்னியப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஊருக்கு வந்து, ரசமட்டம் வைத்தான், பொடிகளை வரிசையாக அடுக்கினான், பீங்கான் துண்டுகளைக் கழுவினான். பிறகு பொதுச்சுவரில் நாலு துளை போட்டு, இரும்புத் தாங்கி அடித்து, அதன்மேல் பலகை வைத்து, மிஷினை அந்தப் பலகையோடு போல்ட் போட்டு இறுக்கினான்.

"ஏனுங், செவுத்துல வெக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள் சுலோச்சனா.

"தரையில வெச்சா யாருக்குக் கேக்கும்?" என்றான் அவன்.

சுலோச்சனாவின் கல்லை நடுவில் வைத்து, சுற்றிலும் பொடிக்கல் பரப்பி, முரட்டுப் பொடி இரண்டு கரண்டி, தண்ணீர் கால் டம்ளர் விட்டு, பொத்தானை அழுத்தினான். மிஷின் கத்தியது. சுவர் கத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் விசாலம், "மச்சான், அதென்னங்க மாவு மிஷினா?" என்று கேட்டாள். அதைவிட இனிமையான ஒரு வார்த்தையை அவன் அந்த வருஷத்தில் கேட்கவில்லை.

நாலாம் நாள் காலையில் கல்லைக் கழுவிப் பார்த்தான். போட்டபடியே இருந்தது. முரட்டுப் பொடி அரைபட்டு மாவாகியிருந்தது, தண்ணீர் சேறாகியிருந்தது, கல்லின் ஒரு முனைகூட மழுங்கவில்லை. அவன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருந்தபோதே தங்கமுத்து ஒரு சொம்போடு வாசலில் வந்து நின்றான். கல்யாணச் சீராக வந்து, அடுப்புப்புகையில் இருபது வருஷத்துக்கு மேல் கருத்துப்போன பித்தளைச் சொம்பு. அது இப்போது பொன் போல இருந்தது.

"சகலை, இதை நீங்க ஏதாச்சும் பண்ணுனீங்களா?" என்றான் தங்கமுத்து. "விசாலம் புளி போட்டு வெளக்கவே இல்லீங்கறா."

சொம்போடு அது நிற்கவில்லை. தங்கமுத்து வீட்டுக் குழாயின் துரு போயிற்று, கண்ணாடியின் கறை போயிற்று, விசாலத்தின் குதிகால் வெடிப்பு மூடிக்கொண்டது. தங்கமுத்துவின் பழைய மொபெட் ஷோரூமில் நிற்கிற மாதிரி நின்றது. கூரையின் ஓடுகள் மெருகேறி, வழக்கமாக வந்து உட்கார்கிற காக்கைகள் வழுக்கி வழுக்கிக் கிழக்குப் பாதிக்கு வந்து சென்னியப்பன் வீட்டு ஓட்டின்மேல் உட்கார்ந்தன. மிஷின் இங்கே குலுங்கியது, மெருகு அங்கே ஏறியது. ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முச்சந்தியில் பஞ்சாயத்து ஒரு புதுக் குழாய் போட்டால் எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டது: ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். குத்துவிளக்கு, தேங்காய் துருவி, கீறல் விழுந்த மூக்குக் கண்ணாடி, டெய்லர் ராசாக்கண்ணுவின் கத்தரிக்கோல், எல்லாவற்றையும் தங்கமுத்து வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். விசாலம் யாருடையது எது என்று நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் மூன்று நாளாகியும் அந்தச் சாமான்களில் ஒன்றும் மின்னவில்லை. அப்படியே அழுக்காக இருந்தன. ஊர் குழம்பியது. பிறகு ஒரு சாயங்காலம் டீக்கடையில், ராசாக்கண்ணு தன் செவலைக் கிடாய் கண்ணபுரம் சந்தையில் எல்லோரையும் நின்று பார்க்க வைத்த கதையைச் சொல்லும்போது, சென்னியப்பன் கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஒரு நீண்ட பெருமூச்சு விட்டான்; மறுநாள் விடிந்ததும் கிடாயின் கொம்பு இரண்டும் கண்ணாடி மாதிரி இருந்தன. அதில் ராசாக்கண்ணு தன் முகம் பார்த்து மீசை கத்தரித்தான். அப்போதுதான் ஊருக்கு விளங்கியது, மெருகு போகிற வழி சுவர் வழி மட்டும் அல்ல, சென்னியப்பனின் வயிற்றெரிச்சல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்.

அன்றிலிருந்து அவன் களத்தில் கொப்பரை கிண்டும்போதெல்லாம் ஆட்கள் வந்து நின்றார்கள்.

"சென்னியப்பண்ணா, எம் மருமக காலையில எந்திரிச்சதும் எனக்குத்தான் மொதக் காப்பி குடுக்கறா, கேட்டுக்குங்க," என்றாள் பால்காரர் வீட்டு ருக்குமணி.

"அப்படியா அம்மிணி," என்றான் அவன், தெரியாததுபோல.

"பாத்து நல்லா மனசுல போட்டுக்குங்கண்ணா. பில்டர் ஓட்டையெல்லாம் அடைஞ்சு கெடக்குது."

மறுநாள் அவள் வீட்டுக் காப்பி பில்டர் மின்னியது. ஒரு நாளும் பெருமை பேசாதவர்கள் பெருமை பேசக் கற்றுக்கொண்டார்கள். ஒரு ஊரே அவன் முன்னால் வந்து தான் எவ்வளவு நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிற்று. சொல்லச் சொல்ல அது உண்மை போலவே ஆயிற்று, இரண்டு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பிகள்கூட, நாங்கள் எவ்வளவு ஒற்றுமை தெரியுமா என்று அவனிடம் காட்டுவதற்காகத் தோளில் கை போட்டுக்கொண்டு வந்து, வந்த வழியே அப்படியே பேசிக்கொண்டு திரும்பினார்கள். மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா பொன்னையா ஒரு நாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மன் மேல கொஞ்சம் பொறாமைப்பட முடியுமாப்பா? கும்பாபிஷேகத்துக்கு ஐம்பொன் செலைக்கு மெருகு போடோணும்."

சென்னியப்பன் ஒரு பொழுது முழுக்கக் கருவறை முன்னால் உட்கார்ந்து மனதாரத்தான் முயன்றான். ஆனால் வருஷம் முச்சூடும் உட்காராமல், தூங்காமல், ஊராருடைய வயிற்றுவலியும் வழக்கும் காதில் வாங்கிக்கொண்டு, வேண்டாத எண்ணெயெல்லாம் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கிற ஒரு பெண்பிள்ளை மேல் யாருக்குப் பொறாமை வரும். இரக்கம்தான் வந்தது. இரக்கத்துக்கு ஒன்றும் மின்னவில்லை.

"உங்க வயித்தெரிச்சல்ல ஊரே பொலிவா இருக்குது," என்றாள் சுலோச்சனா, கரிபிடித்த வாணலியைத் தேய்த்துக்கொண்டே. "நம்மூட்டுச் சாமான் மேலயும் கொஞ்சம் எரிஞ்சா என்னங்க?"

"நம்மூட்டுல என்ன இருக்குது எரியறதுக்கு?" என்றான் அவன். அவள் தேய்க்கிற கை ஒரு நொடி நின்று, மறுபடி தேய்த்தது.

அவன் நடுப்பொடியும் போட்டுப் பார்த்தான், மாவுப்பொடியும் போட்டுப் பார்த்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் கூட்டினான், ஒரு சொட்டுக் குறைத்தான். கல் அசையவில்லை. கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது.

அதற்குள் ஊரில் வேறொன்று தெரியத் தொடங்கியது. மெருகு என்பது ஒன்றைச் சேர்ப்பது அல்ல, தேய்ப்பது. ராசாக்கண்ணுவின் கிடாய்க்குக் கொம்பு தேய்ந்து தேய்ந்து கட்டைவிரல் அளவாகி, அது சண்டைக்குப் போகாமல் வெட்கப்பட்டு நின்றது. கோயில் டியூப் லைட்டில் "உபயம்" என்று போட்டு மூன்று தலைமுறைப் பெயரையும் எழுதிவைத்திருந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர் மேல் சென்னியப்பனுக்கு எப்போதோ ஒரு பொறாமை இருந்திருக்கிறது. எழுத்தெல்லாம் அழிந்து, கோயிலுக்கு முதன்முதலாக நல்ல வெளிச்சம் வந்தது, கடைக்காரர் சண்டைக்கு வந்தார். ருக்குமணியின் மருமகள் முதல் காப்பி கொடுக்கிறதை விட்டுவிட்டாள். பில்டரில் ஓட்டைகளும் தேய்ந்து ஒன்றாகி, தூளும் தண்ணீரும் சேர்ந்தே இறங்கியது.

ஒரு உச்சிவேளையில் தங்கமுத்து தேங்காய்க் களத்துக்கு நடந்தே வந்தான். அவன் முகத்தில் வெயில் பட்டுத் தெறித்தது. சுருக்கம் இல்லை, மறு இல்லை, அம்மைத் தழும்பு இல்லை; புதுச் சோப்பு மாதிரி இருந்தான்.

"சகலை," என்றான், "ரேசன் கடையில எங்கையில ரேகையே இல்லீங்கறான். பத்து வெரலும் வெச்சுப் பாத்துட்டான். நான் தங்கமுத்துதான்னு அந்த மிஷின் ஒத்துக்க மாட்டீங்குது."

சென்னியப்பன் கிண்டுகிற பலகையை நிறுத்தினான்.

"பால் கேனு கையில நிக்க மாட்டீங்குது, வழுக்குது. விசாலத்தைப் பேர் சொல்லிக் கூப்புட்டா பேரு நாக்குல நிக்காம ஓடிப்போயிருது. நேத்து அவ அழுதா. அந்த அழுகையும் எம் மேல நிக்கலீங்க, தண்ணியாட்டம் ஓடிருச்சு. அதுதான் பயமா இருக்குது."

"மிஷினை நிறுத்திப் போடறேன்."

"போன புதங்கெழமை மாசாந்தரப் பராமரிப்புன்னு நாள் முழுக்கக் கரண்டே இல்லீங்களே. எங்கூட்டுச் சொம்பு அன்னைக்கும்தான் தேஞ்சுது." தங்கமுத்து கொப்பரைக் குவியலில் உட்காரப் பார்த்தான், சறுக்கித் தரையில் உட்கார்ந்தான். "நான் சில சங்கதி சொல்றேன். கேட்டுட்டாவது எம் மேல பொறாமைப்படறதை உடுங்க. அந்த சொசைட்டி நாற்காலிக்கு மூணு காலுதான், நாலாவதுக்குச் செங்கல்லு. மேனேஜரு என்னை வாடா போடாங்கறாரு, என்ற பையன் வயசு அவருக்கு. அந்தப் பையன் திருப்பூருல இருந்து எட்டு மாசமா ஒரு போன் பண்ணலீங்க. எங்கூட்டு முருங்கையில ஒரு காய்க்கு நூறு கம்பளிப்பூச்சி."

"கச்சாயம்?" என்றான் சென்னியப்பன், தன்னை அறியாமல்.

"எந்தக் கச்சாயம்?"

"அந்த தீபாவளிக்கு உன் எலையில ஒண்ணு சேத்தி வெச்சாங்களே, மாமியா."

தங்கமுத்து விரல்விட்டு வருஷத்தை எண்ணிப் பார்த்தான். "அட, அதுங்களா? அது ஊசிப்போனதுங்க. முந்தின வாரம் சுட்டது. ரெண்டு நாளு வயித்தால போயி ஒரு மூலையில படுத்துக் கெடந்தனே."

"இருபத்தோரு வருசமா சொல்லவே இல்லையேடா."

"மாமியா ஊடுங்க. எப்படிச் சொல்றது?"

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அந்த இடத்தில் ஒரு பெரிய வெறுமை வந்தது, பல் பிடுங்கின குழிக்கு நாக்கு போய்ப் போய்த் திரும்புகிற மாதிரி அவன் மனசு அந்த இடத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியது. சகலை மேல் இருந்த பொறாமை போய்விட்டது. மறுநாளே தங்கமுத்துவின் கட்டைவிரலில் மெல்ல ஒரு வரி எழுந்தது. ஊர்க்காரர்கள் வந்து பெருமை பேசினார்கள். மூன்றுகால் நாற்காலியைத்தான் அவன் ஒவ்வொருவர் பின்னாலும் பார்த்தான். யாருடைய சாமானும் மின்னவில்லை. வரிசை கலைந்தது. எரிந்து பழகின வயிறு மட்டும், எரிக்க விறகில்லாமல், வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கிற ஒரு மத்தியானம். சுலோச்சனா கிண்ணத்திலிருந்து தன் கல்லை எடுத்துக் கழுவி, இரண்டு கம்பியை வளைத்துக் கட்டி, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"மெருகு இல்லாட்டிப் போகுதுங்க. கல்லு என்னுதுதான," என்றாள். "நாலு பேரு கேட்டா, காட்டுல எடுத்தபடியே இருக்குதுன்னு சொல்றேன். அதுவும் ஒரு அழகுதான்."

சொல்லிவிட்டு, வெறும் சிமென்ட் தரையில், கையைத் தலைக்கு வைத்து, மின்விசிறிக்கு நேராகப் படுத்து, மூன்று மூச்சு விடுவதற்குள் தூங்கிப்போனாள். சென்னியப்பன் சுவரோரம் உட்கார்ந்து அவளைப் பார்த்தான். பட்டுச்சேலை இல்லாமல், பிள்ளை இல்லாமல், பக்கத்து வீட்டுச் சொம்பு மின்னியபோது நன்றாக இருக்கிறதே என்று வாயாரச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து தன் கருத்த வாணலியைத் தேய்த்தவள், இருபத்திரண்டு வருஷம் தன்னோடு, அதாவது தன்னைப் போன்ற ஒருவனோடு, ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அதில் ஒரு பொறிகூட மேலே படாதவள், இந்த உச்சி வெயிலில் எதுவும் வேண்டாமல் எப்படித் தூங்குகிறாள், தான் பிறந்ததிலிருந்து ஒரு நாளாவது, ஒரு பொழுதாவது, அடுத்தவன் கூரையை எண்ணாமல் இப்படித் தூங்கியிருக்கிறோமா என்று அவன் எண்ணினான். எண்ணும்போதே பழகின அந்தச் சூடு அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சுக்கு வந்து, கண்ணுக்கு வந்து, போக வேண்டிய இடத்தைக் கண்டுகொண்டது.

அவள் எழுந்தபோது கல் நிலா மாதிரி இருந்தது. முனை ஒன்றும் மழுங்காமல், அதே வடிவம், மேல் தோல் மட்டும் இழைத்து எடுத்தது போல, அசைந்தால் உள்ளே நீலம் குளத்துத் தண்ணீர்போல நகர்ந்தது.

"புள்ளே, வந்துருச்சு!" என்று கத்தினான் சென்னியப்பன். "சுலோச்சனா, வந்துருச்சு பாரு!"

அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கண்ணாடிக்கு ஓடினாள். அங்கே அவள் சிரிப்பு நின்றது. கல்லைப் பிடித்திருந்த கை மேலே போய்ப் புருவத்தைத் தடவியது. களைக்கொத்து கிழித்த தழும்பில் பாதி இல்லை. அந்த இடம் சுத்தமாக, பளபளவென்று இருந்தது.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"என்னையப் பாத்துமா?" என்றாள்.

எழுந்து போய் மிஷினின் ஒயரைப் பிடுங்கினான், நாலு போல்ட்டையும் கழற்றினான், தாங்கியைப் பெயர்த்தான், பொதுச்சுவரில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது. பிரயோசனம் இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து சோறு தின்றான், துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்தான். துண்டுக்குள்ளே இருந்தும் அவள் மூச்சு எவ்வளவு நிம்மதியாகப் போகிறது என்று கேட்டது. மூன்று நாளில் அவள் குரலில் இருந்த கரகரப்பு போயிற்று. குழம்பில் உப்பில்லை என்றால் சண்டைக்கு வருகிறவள், சரிங்க என்றாள். காக்கையைத் துரத்தும்போது போடுகிற வசவு வாயில் வரவில்லை. கல்யாண வேலையாக வந்த தம்பி அக்கா என்று தோளைத் தொட்டான், கை வழுக்கியது. விசாலம் அதைப் பார்த்துவிட்டாள்.

"அக்காளுக்குக் கண்ணு பட்டிருக்குது," என்று சொல்லி, சுலோச்சனாவைக் கிழக்கு முகமாக உட்காரவைத்து, உப்பும் வரமிளகாயும் கையில் பொத்தி மூன்று சுற்றுச் சுற்றி, கங்கில் போட்டாள். கைப்பிடி மிளகாய் கருகியது. ஒரு நெடி இல்லை. ஈரத்துணி எரிகிற மாதிரி வெறும் புகை வந்தது. நெடி வராவிட்டால் கண்ணேறு அப்படியே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சன்னலில் நின்றார்கள். விசாலம் இன்னொரு பிடி எடுத்தாள்.

"நீ குடு," என்றாள் சுலோச்சனா. "அவரு சுத்தட்டும்."

"ஆம்பளை சுத்தறதா?" என்றான் சென்னியப்பன்.

"கண்ணு வெக்கறது மட்டும் ஆம்பளை வெக்கலாமா?"

அதைச் சொன்னபோதுகூட அவள் குரல் எண்ணெய் போல இருந்தது. சன்னலில் யாரோ சிரித்து, உடனே அடங்கினார்கள். அவன் உப்பையும் மிளகாயையும் வாங்கினான். அவள் தலையைச் சுற்றி, விசாலம் சொன்னபடியே சொன்னான்: "ஊர்க் கண்ணு, ஒறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, கண்ட கண்ணு, காணாத கண்ணு எல்லாம் கழிஞ்சு போகோணும்." கங்கில் போட்டான். நெடி இல்லை.

"மாமியா ஊட்டுக் கண்ணுஞ் சொல்லுங்க," என்றாள் ருக்குமணி சன்னலிலிருந்து. சொன்னான். "அசலூர்க் கண்ணு," என்றார் பொன்னையா. சொன்னான். இன்னொரு பிடி, இன்னொரு பிடி. பாத்திரத்தில் மிளகாய் காலியாகிக்கொண்டு வந்தது. சுலோச்சனா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்; அவள் புருவத்தில் மீதி இருந்த தழும்பு, அவன் பார்க்கப் பார்க்க, மழை நின்ற ஈரம்போலச் சுருங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அவளுக்கு யார்மேலும் ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்து அவன் வயிறு எரிந்தது. எரிவது அவனுக்கே தெரிந்தது.

கடைசிப் பிடியை எடுத்தான். ஒரு சுற்று சுற்றினான். இரண்டாவது சுற்று.

"என்ற கண்ணு," என்றான்.

"கேக்கலை," என்றாள் சுலோச்சனா.

"என்ற கண்ணுதான். நீ தூங்கறதைப் பாத்து எனக்கு ஆகலை. ஒண்ணுமில்லாம உன்னால இருக்க முடியுது, என்னால முடியலை. இந்த ஊருல நான் பொறாமைப்படாத ஆளில்லை, கடைசியில உன்கிட்டயே வந்துட்டேன். என்ற கண்ணு, சென்னியப்பன் கண்ணு, புருசன் கண்ணு, எல்லாம் கழிஞ்சு போகோணும்."

கங்கில் போட்டான்.

ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு அதுவரை போட்ட அத்தனை பிடி மிளகாயும் ஒரே நேரத்தில் நெடியாகக் கிளம்பியது. சன்னலில் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள், ருக்குமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், பொன்னையா வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார், ஓட்டின்மேல் இருந்த காக்கைகள் மொத்தமாக எழும்பின, சுவருக்கு அந்தப் பக்கம் தங்கமுத்து, "ஐயோ சகலை!" என்று கத்திவிட்டு, நாலு ஓட்டை வழியாகவும் வந்த புகையில், விசாலத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லித் தண்ணீர் கேட்டான். கூடத்தில் சுலோச்சனா இருமினாள். அடிவயிற்றிலிருந்து, கரகரவென்று, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, கழுத்துக் கல் எகிறி எகிறி விழ இருமினாள். இரத்தமேறிச் சிவந்த முகத்தில் மீதித் தழும்பு வெள்ளையாக, கோணலாக, தெளிவாக நின்றது.

"அறிவு கெட்ட மனுசா," என்றாள் இருமலுக்கு நடுவே, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் சொல்லாத ஏகவசனத்தில், "நின்னு பாத்துட்டிருக்கறே! போயிச் சன்னலை நல்லாத் தொறந்து உடு!"

அவனும் இருமிக்கொண்டிருந்தான். சன்னல் எந்தப் பக்கம் என்று தெரியாமல், அவள் திட்டுகிற திசையிலேயே கையை நீட்டித் தடவிக்கொண்டு போனான்.